இனம்: இந்து, மதம்: கிறிஸ்தவம்

போன செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே கால் மணிக்கு, ஒரு கம்ப்யூட்டர் என் கையெழுத்தை ஏற்க மறுத்துவிட்டது.

கையெழுத்து மோசமில்லை. கான்வென்ட்டில் விரல் முட்டியில் ஸ்கேலால் அடி வாங்கிப் பழகியது. பர்மிய எழுத்தையும் வட்டம் கோணாமல் எழுதுவேன். முப்பத்தாறு வருஷம் அரசாங்க ஆபீசில் ஃபைல் எழுதி, சூப்பரின்டெண்டாக ரிட்டயர் ஆனவள். நான் எழுதிய குறிப்பை எந்த மேலதிகாரியும் திருப்பி அனுப்பியதில்லை.

கம்ப்யூட்டர் திருப்பி அனுப்பிவிட்டது.

“இது என்ன ஆன்ட்டி? லூம்யோன்னு இருக்கற இடத்துல ‘இந்து’ன்னு போட்டிருக்கு?”

கேட்டது கம்ப்யூட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெண் அதிகாரி. முப்பது வயதிருக்கும். கன்னத்தில் தனகா மரப்பட்டைப் பூச்சு, கையில் பெட்டியளவு தண்ணீர் பாட்டில். எந்த டவுன்ஷிப் ஆபீஸ் என்று சொல்ல மாட்டேன். எனக்கு இன்னும் அங்கே வேலை இருக்கிறது.

யாங்கோன் பக்கம் வராத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. இங்கே ‘மப்பொந்தின்’ என்று ஓர் அட்டை உண்டு. அடையாள அட்டை. அது இல்லாமல் வெளியூர் பஸ் ஏற முடியாது, வாடகைக்கு வீடு பிடிக்க முடியாது, பாஸ்போர்ட்டைப் பற்றிக் கனவுகூடக் காண முடியாது. அதில் பெயர், அப்பா பெயர் எல்லாம் முடிந்ததும் ஒரு வரி: லூம்யோ, அதாவது இனம். பக்கத்திலேயே மதம்.

அட்டைக்குச் சொந்தக்காரி ரெஜினா. மிங்கலா தாங்ஞுன்ட்டில், ரயில் போகும்போதெல்லாம் தட்டுகள் தாளம் போடும் எங்கள் கட்டிடத்தில், எனக்கு ஒரு மாடி கீழே இருப்பவள். பல் டாக்டர் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிற வேலை. நாற்பத்தைந்து வயது முடிந்தால் அட்டையைப் புதுப்பிக்க வேண்டும். முடிந்துவிட்டது. வந்தோம்.

அவள் அட்டையில் இருப்பது இதுதான்: இனம் இந்து, மதம் கிறிஸ்தவம்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். அதிகாரியும் சிரித்தாள். பிறகு கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பினாள்.

“பாருங்க. இனப் பட்டியல்ல ‘இந்து’ கிடையாது. மதப் பட்டியல்லதான் இருக்கு. மிஷின் வாங்க மாட்டேங்குது.”

ரெஜினா என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். கரண்ட் இல்லை, அது ஓடவில்லை. இருந்தாலும் பார்த்தேன்.

ஏனென்றால் அந்த ‘இந்து’வை எழுதியது நான்.

இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால், ரெஜினாவுக்குப் பதினெட்டு வயது. அவள் அப்பா ஃபாரத்தோடு என் வீட்டுக்கு வந்தார். தெருவில் யாருக்கு ஃபாரம் வந்தாலும் என்னிடம்தான் வரும். அந்தக் காலத்துக் குமாஸ்தாக்களுக்கு நம்மைப் போன்றவர்கள் எல்லாரும் ‘இந்து’தான். இந்தியாவிலிருந்து வந்தவன் இந்து, அவ்வளவே. ‘தமிழ்’ என்று எழுதினால், “அது எங்கே இருக்கிறது?” என்று கேட்டு ஃபைலை ஓரமாக வைத்துவிடுவார்கள். ‘இந்து’ என்று எழுதினால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் வீட்டுக்கு வரலாம்.

எனக்கு இது தெரியும். தெரிந்துதான் எழுதினேன். மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது. ரெஜினாவின் அப்பா எனக்கு ஒரு கிண்ணம் மொஹிங்கா நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்தார். பெருமையாகச் சாப்பிட்டேன்.

முப்பது வயதில் புதுப்பித்தபோது பழையதைப் பார்த்து அப்படியே இறக்கிவிட்டார்கள். யாரும் கேட்கவில்லை. என் அட்டையிலும் அதேதான். நாற்பத்தைந்தில் ஒரு தடவை புதுப்பித்துவிட்டால் அப்புறம் அந்தத் தொல்லை இல்லை. ஆகவே நான் சாகும்வரை இந்து. ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகும் இந்து.

இதில் கம்ப்யூட்டருக்கு என்ன அவசரம்? கம்ப்யூட்டருக்கு இல்லை. ரெஜினாவுக்குத்தான்.

அவள் மகள் சில்வியா பாங்காக் ஹோட்டல் ஒன்றில் வேலைக்குப் போனாள். அங்கே சமையல்காரராக இருந்த ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு, அவர் ஊரான ரியூனியன் தீவுக்குப் போய்விட்டாள். இந்தியப் பெருங்கடலில் ஒரு பொட்டு. பிரான்ஸுக்குச் சொந்தமானது. சில்வியாவுக்கு இது எட்டாவது மாதம் தொடங்கப் போகிறது. போன வருஷம் ஒன்று தங்கவில்லை. அப்போது அவள் அங்கே ஆஸ்பத்திரிக் கட்டிலில் அழ, ரெஜினா இங்கே படிக்கட்டில், சிக்னல் கிடைக்கிற அந்த ஒரே படியில், போனைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

இந்தத் தடவை படிக்கட்டில் உட்கார மாட்டேன் என்று சொல்லியிருக்கிறாள்.

போக பாஸ்போர்ட் வேண்டும். பாஸ்போர்ட்டுக்குப் புது அட்டை வேண்டும். அப்புறம் விசா. அதிலும் ஒரு வேடிக்கை. அந்தத் தீவு பிரான்ஸேதானாம், ஆனால் பிரான்ஸுக்கு வாங்கிய சாதாரண விசாவில் அங்கே இறங்க முடியாதாம். அதற்கென்று தனியாக வாங்க வேண்டும். நடைமுறைகளிலேயே வாழ்ந்த எனக்கே இதைக் கேட்டு மரியாதை வந்தது. சொந்தம், ஆனால் வேறு. வேறு, ஆனால் சொந்தம். எங்கேயோ ஒரு கெட்டிக்கார சூப்பரின்டெண்டு இதை யோசித்திருக்கிறார்.

அந்தக் குடும்பத்தை நான் போனில் பார்த்திருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமைகூட. மூன்றரை மணிக்குக் கரண்ட் வந்தது. அங்கே அவர்களுக்கு மதியச் சாப்பாட்டு நேரம். மேஜை நிறைய ஆட்கள், நடுவில் ஒரு பெரிய குழம்புச் சட்டி.

“அம்மா, இவரு காலையில கோயிலுக்குப் போயிட்டு, நேரா கோயிலுக்குப் போனாரு. அதான் லேட்டு” என்றாள் சில்வியா.

“ரெண்டு தடவையாடி?”

“மொதல்ல மாதா கோயிலு. அப்புறம் மாரியம்மன் கோயிலு. இங்க எல்லாரும் அப்படித்தாம்மா.”

மருமகன் ழான் கேமராவுக்குள் தலையை நீட்டிக் கும்பிட்டார். தமிழில் அவருக்கு ‘சாமி’, ‘பூசை’, ‘மாமி’ மூன்றும் தெரியும். ‘மாமி’ புதிது, சில்வியா கற்றுக் கொடுத்தது. குடும்பப் பெயர் விராப்பேன். கரும்புத் தோட்ட வேலைக்கு வந்த அவர் முன்னோர், வீரப்பன் என்று ஒருவர், கப்பலிலிருந்து இறங்கியபோது, எந்தக் குமாஸ்தாவோ காதில் விழுந்தபடி எழுதிவைத்தது. அந்தக் குமாஸ்தாவும் மத்தியானச் சாப்பாட்டுக்குள் வீட்டுக்குப் போயிருப்பார் என்று நினைக்கிறேன்.

ழானின் பெரியப்பா ஒருவர் இருக்கிறார். ரிட்டயர்டு வாத்தியார். தீவு தனி நாடாக வேண்டும் என்பவர். ஞாயிறு குழம்பு ஆறுவதற்குள் அந்தப் பேச்சு வந்துவிடும். சில்வியாதான் மொழிபெயர்ப்பு.

“எங்க தலையெழுத்தை எழுதற மேஜை பதினோரு மணி நேரப் பிளேன் தூரத்துல இருக்குங்கறாரு.”

உடனே ழானின் அம்மா ஏதோ கத்தினார். சமீபத்தில் பிரான்ஸ் அரசாங்கச் செலவில் முழங்கால் ஆபரேஷன் ஆன அம்மா. பேத்தியோ பேரனோ வந்தால் தூக்கிக்கொண்டு நடக்க முடியாத அம்மா.

“அத்தை என்ன சொல்றாங்கன்னா... முழங்காலை உங்க கொடியா வந்து ஆபரேஷன் பண்ணும்னு கேக்கறாங்க.”

மேஜை சிரித்தது. ரெஜினா மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு வேறு கவலை.

“சில்வியா, பெரியப்பாகிட்ட கேளு. புள்ள பொறக்கறதுக்குள்ள முடிவு பண்ணிருவாங்களா? நாடு மாறினா புள்ளைக்கு வேற கார்டுல்ல வாங்கணும்?”

பெரியப்பா நெஞ்சில் கை வைத்துச் சொன்னாராம்: நாற்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், பிள்ளைதான் முதலில் வரும்.

அப்புறம் அவர் எங்களைக் கேட்டார். எங்களை இந்தத் தீவில் ‘மலபார்’ என்று அழைக்கிறார்கள், உங்களை அங்கே என்னவென்று அழைக்கிறார்கள்? ரெஜினா என்னைப் பார்த்தாள். யாங்கோன் பஸ்ஸில் எங்களை என்ன சொல்வார்கள் என்று பர்மாத் தமிழர்கள் எல்லாருக்கும் தெரியும். அந்த வசை அச்சில் வேண்டாம். “அட்டையில இந்துன்னு இருக்கு” என்றேன்.

ழான் சொன்னார்: எங்கள் காகிதத்தில் இனம் என்று ஒரு வரியே கிடையாது. கேட்கவே கூடாது, சட்டம்.

ரெஜினாவால் நம்ப முடியவில்லை. “அப்ப யாரு யாருன்னு எப்படித் தெரியும்?”

“ஞாயித்துக்கிழமை யார் வீட்டுச் சட்டியில என்ன குழம்புன்னு பார்த்தா தெரிஞ்சுருமாம்மா.”

அன்று முழுக்க எனக்கு இது உள்ளே குடைந்துகொண்டிருந்தது. கேட்காமலிருப்பது நல்லதா? இங்கே பெயரைக் கேட்பதற்கு முன்பே இனத்தைக் கேட்கிறார்கள். அங்கே கேட்பதே இல்லை. ஆனால் கேட்காமலே ‘நீங்கள் எல்லாரும் பிரெஞ்சுக்காரர்கள்’ என்று எழுதிவிடுவதும் ஒரு பதில்தானே? அப்படியானால் பெரியப்பா எதற்கு நாற்பது வருஷமாகக் குழம்பை ஆறவிடுகிறார்?

சில தீவுகளில் ஓட்டுப் பெட்டி வைத்தும் கேட்கிறார்கள். எங்களோடு இருக்கிறாயா, போகிறாயா? இரண்டே கட்டம். ‘இருக்கிறேன், ஆனால் இப்படி இல்லை’ என்பதற்குக் கட்டம் கிடையாது. ‘போகிறேன், ஆனால் என் முழங்கால் ஆறட்டும்’ என்பதற்கும் கிடையாது. ஃபாரம் தயாரித்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: கேள்வியை எழுதுகிறவர் பதிலில் பாதியை அங்கேயே எழுதிவிடுகிறார். மீதிப் பாதியை நிரப்பிவிட்டு, நாமே தீர்மானித்தோம் என்று கையெழுத்துப் போடுகிறோம்.

சரி... ஆபீசுக்கு வருவோம். செவ்வாய்க்கிழமை. மின்விசிறி இன்னும் ஓடவில்லை. கம்ப்யூட்டர் மட்டும் பேட்டரியில்.

அதிகாரி பட்டியலை மேலும் கீழும் ஓட்டினாள். பெயருக்கு முன்னால் மரியாதைக்கு ஒரு ‘டோ’ சேர்த்துக் கேட்டாள்: “டோ ரெஜினா, நீங்களே சொல்லுங்க. உங்க இனம் என்ன?”

இந்தக் கேள்வியை எந்த ஆபீசிலும் ரெஜினாவிடமே யாரும் கேட்டதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. முதல் தடவை நான் எழுதினேன். இரண்டாம் தடவை குமாஸ்தா இறக்கினார். அவள் தமெய்ன் மடிப்பைச் சரிசெய்துகொண்டாள். இடுப்பில் கட்டும் அந்தத் துணியின் ஓரத்தை இரண்டு தடவை இழுத்துச் செருகினாள். பல் டாக்டர் கிளினிக்கில் பெயரைக் கூப்பிடும் அதே குரலில், பர்மிய மொழியில் சொன்னாள்:

“தமிழ்.”

பட்டியல் ஓடியது. நின்றது.

“இல்லையே. ‘இந்தியா’ இருக்கு. உங்க குடும்ப லிஸ்ட்ல பாருங்க, வீட்டுக்காரர் அட்டையில, மகள் அட்டையில எல்லாம் இந்தியாதான். அதைப் போட்டா இன்னிக்கே ஏத்திடலாம். ‘தமிழ்’னா மேல எழுதிக் கேக்கணும். பதில் எப்ப வரும்னு என்னால சொல்ல முடியாது.”

இங்கேதான் எனக்கு ரத்தம் சூடேறியது. வாழ்நாள் முழுக்கக் குறுக்கு வழி காட்டியவளுக்குத் திடீரென்று நேர் வழி மேல் ஆசை வந்தது. வார்டு ஆபீசிலிருந்து கடிதம் வாங்கலாம். பங்குச் சாமியாரிடம் ஞானஸ்நானச் சான்று இருக்கிறது, அதில் அப்பா அம்மா இரண்டு பேருக்கும் ‘தமிழர்’ என்றே எழுதியிருக்கிறது. உறுதிமொழிப் பத்திரம் போடலாம். மேலே போகட்டும், நானும் மேலே போகிறேன். எந்த மாடி, எந்த மேஜை, யாருக்கு முதலில் வணக்கம் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனேன். ரெஜினா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“அக்கா.”

“நீ சும்மா இரு. இந்தத் தடவை சரியாப் பண்ணிருவோம்.”

“அக்கா... அன்னிக்கு நீங்க அவசரப்பட்டீங்க. நான் ஒண்ணும் சொல்லல. இன்னிக்கு நான் அவசரப்படுறேன். நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க.”

தமிழில்தான் சொன்னாள். அதிகாரிக்குப் புரியவில்லை. ஆனால் யார் ஜெயித்தார்கள் என்பது புரிந்துவிட்டது.

“இந்தியா போடுங்க” என்றாள் ரெஜினா, பர்மிய மொழியில். “அந்த நாட்டை நான் பார்த்ததில்ல. பரவாயில்ல. என் பேரப்பிள்ளையையும் இன்னும் பார்த்ததில்ல.”

தன் முடிவைத் தானே எடுப்பது என்றால் எப்போதும் கொடியைத் தூக்கிக்கொண்டு நிற்பது என்றே நினைத்திருந்தேன். கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, முதலில் மகளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்பதும் அதில் சேர்த்தியா? பெரியப்பாவிடம் கேட்க வேண்டும். ழானின் அம்மாவிடமும் கேட்க வேண்டும். இரண்டு பேரும் ஒரே மேஜையில்தானே சாப்பிடுகிறார்கள்...

ஆனால் வேலை முடியவில்லை. அதிகாரியே எதிர்பார்க்காத ஒரு தடையைக் கம்ப்யூட்டர் காட்டியது. ‘இந்து’ ‘இந்தியா’வாக மாறினால் அது இன மாற்றம். இன மாற்றத்துக்கும் மேலிடத்து அனுமதி வேண்டும். அதே மாடி, அதே மேஜை. அதிகாரி நகத்தைக் கடித்தாள். நல்ல பெண். யோசித்தாள்.

“எழுத்துப்பிழைன்னு காட்டினா இங்கயே திருத்திடலாம். ஃபாரத்தை நிரப்பினவங்க ‘நான்தான் தப்பா எழுதிட்டேன்’னு ஒரு வாக்குமூலம் எழுதிக் குடுக்கணும். ஆனா இருபத்தேழு வருஷம் ஆச்சே... அந்த ஆளை இப்ப எங்க போய்த் தேடறது?”

ரெஜினா கூரையைப் பார்த்தாள். அவள் வாயைத் திறக்க மாட்டாள். என் மானத்தைக் காப்பாற்றுவதற்காகக் பிளேனையே விட்டுவிடக் கூடியவள்.

“தேட வேண்டாம்” என்றேன். “நான்தான்.”

அதிகாரி ஃபைலிலிருந்த பழைய ஃபாரத்தைப் பார்த்தாள். நான் அன்று காலை நிரப்பிய புது ஃபாரத்தைப் பார்த்தாள். இரண்டிலும் ஒரே வட்டங்கள்.

“அழகான கையெழுத்து ஆன்ட்டி” என்றாள். அதைவிட நன்றாக யாரும் என்னைத் திட்டியதில்லை.

வெள்ளைத் தாள் கொடுத்தாள். எழுதினேன். மேற்படி படிவத்தை நிரப்பியவள் நானே. ‘அறியாமல்’ தவறாக எழுதிவிட்டேன். ‘அறியாமல்’ என்ற சொல்லில் பேனா கொஞ்சம் நின்றது. வாழ்க்கையில் நான் எழுதிய வாக்கியங்களிலேயே நடைமுறைக்கு மிகவும் பொருத்தமான வாக்கியம் அது. உண்மைக்கு மிகவும் பொருத்தமில்லாத வாக்கியமும் அதுதான். அறியாமல் எழுதியிருந்தால் மொஹிங்கா எதற்குச் சாப்பிட்டேன்?

முத்திரை விழுந்தது. அதிகாரி சத்தமாகப் படித்தாள்: டோ ரெஜினா, இனம் இந்தியா, மதம் கிறிஸ்தவம். சரிதானா?

“ஹொக்கே” என்றாள் ரெஜினா. ஆமாம்.

இரண்டு வாரத்தில் அட்டை. அப்புறம் பாஸ்போர்ட் வரிசை. அப்புறம் அந்தச் சொந்தமான-ஆனால்-வேறான விசா. குழந்தைக்கு இன்னும் ஒன்பது வாரம். கூட்டிப் பார்த்தால் வருகிறது. எங்கேயும் ஒரு கம்ப்யூட்டர் இருமாமலிருந்தால் வருகிறது. ராத்திரியெல்லாம் விரல் மடக்கிக்கொண்டிருக்கிறேன்.

கடைசியாகக் கையெழுத்து. ரெஜினா பேனாவை வாங்கிக்கொண்டு தயங்கினாள். அவளுடைய பழைய கையெழுத்து பர்மிய எழுத்தில் இருக்கும். அதற்கும் பதினெட்டு வயதில் மாதிரி போட்டுக் கொடுத்தது நான்தான்.

“அக்கா, கையெழுத்து எந்த எழுத்துல போடணும்னு ரூல் இருக்கா?”

முப்பத்தாறு வருஷ அனுபவத்தைப் புரட்டினேன். பெயருக்கு ரூல் உண்டு. அப்பா பெயருக்கு உண்டு. போட்டோவில் காது தெரிவதற்குக்கூட உண்டு.

“இல்லை” என்றேன்.

குனிந்தாள். ஞாயிறு ஞானோபதேச வகுப்பில் கற்றதோடு நின்றுபோன தமிழ். நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக, கட்டத்தின் கோட்டைத் தொடாமல் எழுதினாள். எழுதி முடித்து நிமிர்ந்தாள்.

‘ரெஜின’ என்று இருந்தது.

கடைசிக் கால் இல்லை. என் விரல் தானாக நீண்டது. “ரெஜினா, இங்க ஒரு கால்—”

அதற்குள் அதிகாரி தாளை இழுத்துக்கொண்டாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள். “இதுதான் தமிழா? அழகா இருக்கு. இனிமே எல்லாத்துலயும் இதே மாதிரிதான் போடணும். பாஸ்போர்ட்லயும் இதேதான். ஒரு கோடு கூடினாலும் குறைஞ்சாலும் ஏர்போர்ட்ல நிறுத்திடுவாங்க.”

“ஹொக்கே” என்றாள் ரெஜினா. என் பக்கம் திரும்பி, “விடுங்கக்கா” என்றாள்.

விட்டுவிட்டேன். அவள் காகிதங்களில் நான் எழுதிக் கொடுக்காத முதல் தப்பு அது.